கஷ்டப்பட்டவனுக்குத்தான் ராப் வருமா?

3 ஜனவரி 2025: வாழைச்சேனையிலிருந்து வந்த கேள்வி

"எமினெமின் கதையைப் படித்தேன். அப்பா இல்லை, வாடகை வீடு, பள்ளிக்கூடத்தில் அடி, பிறகு உலகப் புகழ். எனக்கு அப்பா, அம்மா, ஓடு போட்ட வீடு, மூன்று நேரச் சாப்பாடு எல்லாம் இருக்கிறது. நான் ராப் எழுதினால் 'உனக்கு என்னடா கஷ்டம் தெரியும்' என்று கூட்டாளிமார் சிரிக்கிறார்கள். கஷ்டமான சின்ன வயசு இல்லாதவன் ராப் பாடினால் அது பொய்யா?"

4 ஜனவரி, இரவு

பொய் இல்லை தம்பி. கஷ்டம்தான் ராப்பை உண்டாக்கும் என்றால் மட்டக்களப்பில் வீட்டுக்கு ஒரு எமினெம் இருக்க வேண்டும். 1978 இல் சூறாவளி, பிறகு யுத்தம், 2004 இல் சுனாமி. இதில் ஒன்றிலும் அகப்படாத குடும்பம் ஒன்றை எனக்குக் காட்டு. எத்தனை ராப்பர் வந்தார்கள்?

ஆளின் கதையை ஒருதரம் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். எமினெம் அமெரிக்க ராப் பாடகர், சொந்தப் பெயர் மார்ஷல் மாதர்ஸ். 1972 ஒக்டோபரில் மிசூரி மாநிலத்தில் பிறந்தார். அப்போது தாய்க்கு வயது 17. பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பன் போய்விட்டார். தாய் மிசூரிக்கும் டெட்ரொயிட் பக்கத்துக்கும் மாறிமாறி அலைந்தார். அதனால் பையன் போகிற பள்ளிக்கூடத்தில் எல்லாம் புதுப்பையன்தான். புதுப்பையனுக்கு எல்லா ஊரிலும் அடி. பத்து வயதளவில் விழுந்த ஒரு அடி தலையில் பட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனது. ஒன்பதாம் வகுப்பிலேயே மூன்று தரம் இருந்தார். 17 வயதில் படிப்பை விட்டார். பிறகு ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையலும் கோப்பை கழுவலும். 1995 நத்தார் அன்று மகள் பிறந்தாள். 1996 இல் முதல் அல்பம் வந்தது, விற்றது ஆயிரம் பிரதி அளவில், அதுவும் காரின் டிக்கியில் வைத்து விற்றது. 1997 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் 'ராப் ஒலிம்பிக்ஸ்' என்ற போட்டியில் வென்றார். பெரிய ராப் தயாரிப்பாளர் டொக்டர் டிரேயின் காதுக்குப் போனார். 2000 மே மாதம் வந்த அல்பம் அமெரிக்காவில் முதல் கிழமையிலேயே 17 இலட்சத்து 60 ஆயிரம் பிரதி.

இப்படி ஒரு பந்தியில் எழுதினால் கஷ்டம் பட்டார், புகழ் வந்தது என்றுதான் தெரியும். நடுவில் நடந்தது என்ன என்பதை நாளைக்கு எழுதுகிறேன். கடை பூட்ட வேண்டும்.

4 ஜனவரி, பின்னும்

படுத்த பிறகு ஞாபகம் வந்தது. ராப் ஒலிம்பிக்ஸில் அவர் வெல்லவில்லை. கடைசிச் சுற்றில் தோற்று இரண்டாம் இடம். பரிசுப் பணம் 500 டொலர். அதை நம்பிப் போயிருந்தார். போவதற்கு முதல்நாள்தான் வாடகை கட்டாமல் வீட்டிலிருந்து வெளியே போட்டிருந்தார்கள். அந்த இரவு பூட்டை உடைத்து உள்ளே போய், கரண்டும் தண்ணியும் இல்லாத வீட்டில் தரையில் படுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். தோற்ற அன்று கையிலிருந்த டேப் ஒன்று இன்டர்ஸ்கோப் என்ற பாட்டுக் கம்பனிக்காரர் ஒருவரிடம் போனது. அதுதான் கைமாறிக் கைமாறி டிரேயிடம் சேர்ந்தது.

வென்றார் என்று எழுதியதை அழிக்கவில்லை. எனக்கும் கதை கேட்டுக் கேட்டு அப்படித்தான் ஆகிவிட்டது போல.

5 ஜனவரி

நடுவில் நடந்தது.

முதலாவது, மாமன். தாயின் தம்பி ரொனி. மருமகனுக்கும் மாமனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஐஸ்-டி என்ற ராப் பாடகரின் பாட்டு இருந்த ஒரு கசெட்டை அவர்தான் கொடுத்தார். ராப் அந்த வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். அந்த மாமன் 1991 இல் தற்கொலை செய்துகொண்டார்.

இரண்டாவது, கூட்டாளி. புரூஃப் என்ற கறுப்பினப் பையன். எமினெம் தான் படிக்காத ஒரு பள்ளிக்கூடத்துக்குள் புரூஃபோடு களவாக நுழைந்து, சாப்பாட்டு மண்டபத்தில் மற்றப் பையன்களோடு ராப்பிலேயே வாய்ச்சண்டை பிடிப்பார். வெள்ளைப் பையன் வாய் திறந்தால் எல்லாரும் சிரிப்பார்கள். புரூஃப் ஆட்களிடம் பந்தயம் பிடித்துவிட்டு இவரை இறக்குவார்.

மூன்றாவதுதான் முக்கியம்: ஒரு கடை. டெட்ரொயிட்டில் மொரிஸ் மலோன் என்ற உடுப்பு வடிவமைப்பாளர் 'ஹிப் ஹொப் ஷொப்' என்று ஒரு துணிக்கடை வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் அங்கே மைக் திறந்திருக்கும். போட்டியை நடத்துகிறவர் புரூஃப். யாரும் வரலாம், பாடலாம், அவமானப்படலாம், அடுத்த சனிக்கிழமை திரும்பவும் வரலாம்.

இந்த "அடுத்த சனிக்கிழமை"தான் தம்பி என் கதை முழுக்க. அடிபட்ட பையன்கள் அமெரிக்காவில் கோடிக்கணக்கு. கிழமைக்கு ஒருதரம் தோற்பதற்கு இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். எங்களிடம் கஷ்டம் இருந்தது, அந்தக் கடை இருக்கவில்லை.

7 ஜனவரி

நான் எங்கே எமினெமைக் கேட்டேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கல்முனையில், ஒரு ரெக்கோடிங் கடையில். 2002 இல் எனக்கு 18 வயது. ஏ.எல். சோதனை எடுத்துவிட்டு மறுமொழி வரும் வரைக்கும் அங்கே வேலை. ஒரு துண்டில் 12 பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள், நாங்கள் கசெட்டில் அடித்துக் கொடுப்போம். சமாதான ஒப்பந்தம் வந்த வருசம், கொழும்பிலிருந்து சாமான் தாராளமாக வரத் தொடங்கியிருந்தது. அதில் ஒரு பெட்டியில் வந்ததுதான் எமினெமின் சீடி. எனக்கு இங்கிலீஷ் பத்துக்கு மூன்று சொல்தான் விளங்கும். ஆனால் இந்த ஆள் ஏசுகிறார் என்பது மட்டும் முதல் நிமிசமே விளங்கியது. ஏச்சுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

அடுத்த வருசம் எமினெம் நடித்த '8 மைல்' படத்தின் வீசீடி வந்தது. எங்கள் பேச்சில் மைலுக்குக் கட்டை என்பதால் கடையில் அதற்கு "எட்டாம் கட்டை" என்று பெயர் வைத்தோம். "எட்டாம் கட்டை இருக்கா" என்று கேட்டு வந்தவர்களில் ஒருவர் அது சிங்களப் படம் என்று நினைத்து எடுத்துப்போய் அடுத்தநாள் திருப்பிக் கொண்டுவந்தார்.

பகிடி என்றாலும் பெயர் சரிதான். அது உண்மையில் கட்டைக் கணக்கில் பெயர் வைத்த தெருதான். டெட்ரொயிட் நகர மத்தியிலிருந்து எட்டாவது மைல். நகரத்தின் வட எல்லையும் அதுதான். தெற்கே பெரும்பாலும் கறுப்பின மக்கள், வடக்கே பெரும்பாலும் வெள்ளையர். கல்முனைக் கரையோரத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மருதமுனை, நீலாவணை, பாண்டிருப்பு என்று ஊர்கள் அடுத்தடுத்து இருக்கும். ஒரு தெருவைத் தாண்டினால் கோயில் மணி நின்று பாங்கு கேட்கும். தெரு அகலம் இருபதடி. சில வருசங்களில் அந்த இருபதடியைத் தாண்ட யாருக்கும் துணிவு வரவில்லை. அதை இங்கே விரிக்கப் போவதில்லை. எனக்கு அந்த சீடியை "இதைக் கேள் மச்சான்" என்று தூக்கித் தந்தவன் மருதமுனைக்காரன் என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

(ஹிப் ஹொப் ஷொப் இருந்த தெரு 7 மைல். ஏழாம் கட்டை. நான் சொன்னால் கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள்.)

10 ஜனவரி

தொழில்நுட்பம் பேசுவோம். கூட்டாளிமார் சிரிப்பதற்குக் காரணம் கஷ்டம் இல்லாதது இல்லை, நீ எழுதியதில் இயைபு, அதாவது வரிக் கடைசியில் ஒத்து வரும் சத்தம், கெட்டிருக்கலாம். எழுதினதை அனுப்பு, பார்ப்போம்.

ஆங்கிலத்தில் 'ஒரேஞ்' என்ற சொல்லுக்கு இயைபு இல்லை என்பார்கள். 2010 இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் எமினெம் இதைக் கேட்டுச் சிரித்தார். சொல்லை அப்படியே வைத்தால் இல்லைதான், வாயில் போட்டு வளைத்தால் உண்டு என்று 'ஃபோர் இஞ்ச்', 'டோர் ஹிஞ்ச்', 'ஸ்டோரேஜ்', 'பொரிஜ்' என்று அடுக்கினார். அவர் எழுத்தைப் பார்ப்பதில்லை, உயிரொலியைப் பார்க்கிறார். அதே பேட்டியில் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே முழுக்கத் துண்டுக் கடதாசிகள், பொடி எழுத்தில் சரிந்தும் குறுக்கும் எழுதிய சொற்கள். தினமும் சேர்த்து வைப்பாராம்.

தமிழில் வேறு பிரச்சினை. வினைச்சொல் கடைசியில் வரும் மொழி இது. "வந்தான், போனான், நின்றான், தின்றான்" என்று வரியை முடித்தால் இயைபு சும்மா கிடைத்துவிடும். சும்மா கிடைப்பதற்கு மதிப்பு இல்லை. நான் 18 வயதில் எழுதியது எல்லாம் இந்த "ஆன் ஆன் ஆன்" தான். வாசித்துக் காட்டினபோது அந்த மருதமுனைக்காரன் "இது ராப் இல்லடா, வகுப்பில பெயர் கூப்பிடுற மாதிரி இருக்கு" என்றான்.

எதுகையைப் பிடிக்க வேண்டும். இரண்டாம் எழுத்து. கல்லடி, சொல்லடி, பொல்லடி: பார், இரண்டாம் எழுத்தும் அடிக்கிறது, கடைசியும் அடிக்கிறது. ஊர்ப் பெயரிலிருந்து தொடங்கினாலே அரைவாசி வேலை முடிந்துவிடும்.

எங்கள் 'ஒரேஞ்' எது தெரியுமா? களுவாஞ்சிக்குடி. நானும் இருபது வருசமாகத் தேடுகிறேன். கிட்ட வந்தது "அழுதாச்சு, இனிப் படி" ஒன்றுதான்.

11 ஜனவரி

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு அக்கா: "எங்கட பக்கத்துப் பொம்புளைகள் கவி சொல்லி எதிர்க்கவி வாங்கினது எல்லாம் உங்கட ராப் போட்டிதானே?"

ஓம் அக்கா, அதேதான். கொம்புமுறியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, இரண்டு கொம்பைக் கொளுவி ஒன்று முறியும் வரைக்கும் இழுப்பார்கள். முறிந்த சேரிக்கு மறுகா வசைப்பாட்டு. அதைக் கேட்டுக் கோபப்படக் கூடாது என்பதும் விளையாட்டிலே சேர்த்தி.

எங்கள் பெரியம்மா ஒப்பாரியிலேயே மூன்று பேரை வெட்டுவா. செத்தவரைப் பற்றி இரண்டு வரி, வைத்தியச் செலவுக்குக் காசு தராத தம்பியைப் பற்றி ஆறு வரி. அந்த ஆள் சவத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், வேறு வழியில்லை. எல்லாம் எதுகை தவறாமல்.

ஆகவே 5 ஆம் திகதி "எங்களிடம் கடை இருக்கவில்லை" என்று நான் எழுதியது அரைவாசிப் பிழை. வயலிலும் வாசலிலும் இருந்தது. என் வயசுக்காரர் வளரும்போது இருட்டினால் வெளியே நிற்க முடியாது. சூடு மிதிக்கிற களம் மெஷினுக்குப் போனது, ஆட்களும் வெளிநாடு போனார்கள். கடை எங்கள் கண் முன்னேதான் மூடியிருக்கிறது, நாங்கள் கவனிக்கவில்லை.

14 ஜனவரி, பொங்கல்

சம்மாந்துறையிலிருந்து ஒருவர் சூடாக எழுதியிருக்கிறார்: பெற்ற தாயை உலகத்துக்கு முன்னால் ஏசிப் பாடினவனுக்கு இவ்வளவு வக்காலத்தா என்று.

இதற்கு உடனே மறுமொழி எழுத முடியவில்லை. காலையில் பொங்கிவிட்டு இருந்து யோசித்தேன்.

உண்மை, ஏசினார். தாய் போதை மாத்திரை எடுப்பவர் என்று பாடினார். 1999 இல் தாய் டெபி, மகன் மேல் மானநட்ட வழக்குப் போட்டார். கேட்டது ஒரு கோடி டொலர் அளவில். 2001 இல் 25,000 டொலருக்கு முடிந்தது. சட்டத்தரணியின் பங்கு போக தாயின் கையில் வந்தது 1,600 டொலர் அளவு. கல்முனைக் கடையில் இதைக் கேள்விப்பட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். 18 வயதில் தாயை எதிர்த்துப் பேசுகிறவன் எல்லாம் வீரன்தானே.

இப்போது எனக்கு 40. எங்கள் அப்பா 1990 க்குப் பிறகு இல்லை. அம்மாதான் இடியப்பம் அவித்து விற்று மூன்று பேரை வளர்த்தா. விடிய நாலு மணிக்கு எழும்பி அவிக்கத் தொடங்குவா. பள்ளிக்கூடத்துக்கு இடியப்பத் தட்டோடு வந்து நின்றால் நான் தெரியாத மாதிரி மற்றப் பக்கம் கிறுகுவேன். அந்தப் பாட்டுகளில் எனக்குப் பிடித்திருந்தது எது என்று இன்றைக்குக் கேட்டால், அதுதான்: எனக்கு வாயில் வராததை ஒருவன் சொன்னான். 17 வயதில் பிள்ளை பெற்று, புருசன் இல்லாமல், கையில் காசு இல்லாமல் ஊர் ஊராக அலைந்த ஒரு பெண்ணின் பக்கத்துக் கதையை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றினதும் இல்லை.

அவரும் பிறகு திரும்பி வந்தார். 2013 அல்பத்தில் தாயிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பாட்டு. அதற்கான வீடியோவை 2014 அன்னையர் தினத்தில் விட்டார். பழைய ஏச்சுப் பாட்டை இனி மேடையில் பாடமாட்டேன், வானொலியில் கேட்டாலே கூசுகிறது என்று அதில் வருகிறது. டெபி போன மாதம், 2024 டிசம்பரில், காலமானார். 69 வயது.

சம்மாந்துறை அண்ணன், உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஏசினதை மட்டும் கேட்டுவிட்டு மன்னிப்பைக் கேட்காமல் விட்டால் அதுவும் அரைக் கசெட்தான்.

15 ஜனவரி

நேற்று எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இடியப்பத் தட்டு இல்ல மனே, பெட்டி. தட்டு எண்டா காஞ்சிடும்" என்றா. திருத்தம் போட்டாயிற்று.

15 ஜனவரி, மாலை

"நம்மட ஆள் எம்.ஐ.ஏ. இருக்க ஏன் வெள்ளைக்காரனைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்?"

தொங்கவில்லை, கேள்வி அவரைப் பற்றி வந்தது. ஆனால் தாய் தகப்பன் பேச்சு வந்ததால் ஒன்று. எம்.ஐ.ஏ. என்ற ராப் பாடகி மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக இலங்கைக்கு வந்து, யுத்தத்தில் திரும்பவும் அகதியாக லண்டன் போனவர். முதல் அல்பத்துக்கு 2005 இல் தகப்பனின் இயக்கப் பெயரையே வைத்தார், 'அருளர்'. வளரும்போது பக்கத்தில் இல்லாத தகப்பன். இரண்டாவது, 2007 இல், வளர்த்த தாயின் பெயர், 'கலா'. இல்லாதவருக்கு முதல் இடம், இருந்தவருக்கு இரண்டாம் இடம். எல்லா வீட்டிலும் இந்த ஒழுங்குதான் போல.

19 ஜனவரி

தம்பியின் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். பொய்யா என்று கேட்டிருந்தாய். இதற்கு நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது.

தன்னைச் சின்ன வயதில் அடித்தவனின் பெயரைப் போட்டு எமினெம் ஒரு பாட்டுப் பாடினார். அந்த ஆள் வளர்ந்து 2001 இல் வழக்குப் போட்டார், பத்து இலட்சம் டொலர் கேட்டு. 2003 இல் மிச்சிகன் நீதிபதி டெபோரா செர்விட்டோ வழக்கைத் தள்ளினார். பாட்டில் வருவது மிகைப்படுத்தல், புத்தியுள்ள எவரும் அதை நடந்தது நடந்தபடி என்று எடுக்கமாட்டார் என்பது காரணம். தீர்ப்பின் அடிக்குறிப்பில் அதே காரணத்தை ராப் மாதிரி இயைபு வைத்துப் பத்துச் செய்யுளாகவும் எழுதினார். நகைப்புக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே எழுதினார்.

ஆகவே அடி விழுந்தது உண்மை, பாட்டில் விழுந்த அடி கூட்டி விழுந்த அடி. உன் கூட்டாளிமாருக்கு இதைச் சொல்லு.

20 ஜனவரி

புகழ் வந்ததோடு கதையை நிறுத்திவிட்டாய் என்று ஒரு குறை. சரி, சுருக்கமாக. 2003 ஒஸ்காரில் ராப் பாட்டு ஒன்று முதல் தடவையாக விருது எடுத்தது, '8 மைல்' படத்துக்கு எமினெம் பாடியது. எடுத்தவர் வீட்டில் நித்திரை, கூட எழுதிய லூயிஸ் ரெஸ்டோ போய் வாங்கினார். 2006 இல் புரூஃபைச் சுட்டுக் கொன்றார்கள். 2007 டிசம்பரில் எமினெம் அளவு மீறி மாத்திரை எடுத்துச் சாவின் வாசல்வரை போய்வந்தார். 2008 ஏப்ரலிலிருந்து மாத்திரையைத் தொடவில்லை. ஒஸ்கார் மேடையில் அந்தப் பாட்டைப் பாடியது 2020 இல், 17 வருசம் பிந்தி.

தாயை எந்தப் பழக்கத்துக்கு ஏசினாரோ அதிலேயே தானும் விழுந்தார் என்பதை 14 ஆம் திகதிக் குறிப்போடு சேர்த்து வாசியுங்கள். நான் அன்றைக்கு அதை யோசிக்கவில்லை.

26 ஜனவரி

வாழைச்சேனைத் தம்பி வட்ஸப்பில் குரல் அனுப்பியிருக்கிறான். ஒன்றரை நிமிசம். அனுமதி கேட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் அரை நிமிசம் துவக்கு, இரத்தம், தெரு. தம்பி, உன் தெருவை எனக்குத் தெரியும், அங்கே ஒரு பேக்கரியும் இரண்டு மாடும்தான். அதை வெட்டு. அதற்குப் பிறகு வருகிறது உன் அப்பப்பா, கடதாசி ஆலையில் வேலை செய்தவர், ஆலைச் சங்கு நின்று எத்தனையோ வருசமாகியும் அந்த நேரத்துக்கு எழும்பிச் சேட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் இருப்பவர். அதைக் கேட்கும்போது நான் திருத்திக்கொண்டிருந்த ரேடியோவைக் கீழே வைத்துவிட்டேன். ஓட்டு வீட்டுக்குள்ளே இருந்துதான் அதைப் பார்த்திருக்கிறாய்.

"சங்கு" என்று தொடங்கி "பங்கு" வைத்திருக்கிறாய், நல்லது. அடுத்த வரியில் "எழும்பினார், இருந்தார், பார்த்தார்" என்று என் பழைய வருத்தம் உனக்கும் வந்துவிட்டது. "அங்கு" இருக்கிறது, "மங்கு" இருக்கிறது, "நுங்கு" கூட இருக்கிறது. வினையை நடுவில் தள்ளு.

என் கடை சனிக்கிழமை ஆறு மணிக்குப் பூட்டுவேன். பின் அறையில் ஒரு பழைய கோயில் மைக் கிடக்கிறது, கொஞ்சம் இரையும். அக்கரைப்பற்று அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறா. இந்தக் கிழமை வா, மூன்றாம் வரியைத் திருத்திக்கொண்டு.

1 பெப்ரவரி

வந்தான். மூன்றாம் வரி இன்னும் சரியில்லை. அக்கா ஒரு எதிர்க்கவி சொல்லி ஆளைக் கவிழ்த்துவிட்டா. அடுத்த சனிக்கிழமைக்கு மைக்கின் வயரை மாற்ற வேண்டும்.